ஈந்தவர் வீடு திரும்பும்போது

அனலைதீவுக்குச் செல்வோர் ஊர்காவற்றுறையிலிருந்தோ குறிகாட்டுவானிலிருந்தோ வள்ளம் ஏறவேண்டும். வேலணையையும் புங்குடுதீவையும் தாம்போதிகள் யாழ்ப்பாணத்தோடு இணைத்துவிட்டன. அனலைதீவும் எழுவைதீவும் நயினாதீவும் நெடுந்தீவும் இன்றும் கடலைக் கடந்தே அடையவேண்டிய தீவுகளாக உள்ளன. இத்தகைய தீவொன்றில், தன் சிறுநீரகங்களுள் ஒன்றைப் பிறருக்கு ஈந்துவிட்டு வீடு திரும்பும் மனைவியைக் கணவன் எவ்வாறு பேணுவது? ஈந்தவர் கணவனாயின் மனைவி செய்யவேண்டுவன யாவை? வைத்தியசாலையில் வழங்கப்படும் புத்திமதிகள் பெரும்பாலும் நகரத்து வீட்டை மனத்திற் கொண்டு சொல்லப்படுவன. கிணற்றில் தண்ணீர் அள்ளி, பாயிற் படுத்துறங்கி, வள்ளத்தில் ஏறி இறங்கும் வாழ்க்கைக்கு அவற்றைப் பொருத்திக்கொள்வது வீட்டாரின் பொறுப்பு.

இந்தச் சத்திரசிகிச்சைக்கு ஒரு விசித்திரம் உண்டு. ஏனைய சத்திரசிகிச்சைகளுக்கு மக்கள் நோயோடு போய்ச் சுகத்தோடு திரும்புகின்றனர். சிறுநீரகம் ஈபவரோ சுகத்தோடு போய் நோவோடு திரும்புகின்றார். சிறுநீரகத்தைப் பெற்றவர் பல நாட் களைப்பு நீங்கி, சில தினங்களில் முகந்தெளிந்து எழுந்துவிடுவதும் உண்டு. அதே வேளையில் ஈந்தவர் அடுத்த கட்டிலில் இருமுவதற்கும் அஞ்சிக் கிடப்பார். அப்படியிருந்தும் உற்றார் உறவினரின் கண் முழுவதும் பெற்றவர் மேலேயே இருக்கும். ஈந்தவர் நோயாளியல்லர் என்பது எல்லோர் மனத்திலும் பதிந்துபோன எண்ணம். ஈந்தவரின் சொந்த மனத்திலும் அதுவே பதிந்திருக்கும். வீட்டில் நேரும் தவறுகளிற் பல இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

உயிருள்ள ஒருவர் கொடுத்த சிறுநீரகம் இன்னொருவரின் உடலில் நெடுங்காலம் தொழிற்பட்டது முதன்முதலாக 1954ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலாகும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பீற்றர் பென்ற் பிறிகம் வைத்தியசாலையில், வைத்தியர் யோசப் மறே, றொனால்ட் ஹெரிக் என்பவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர் றிச்சர்டுக்குப் பொருத்தினார். றிச்சர்ட் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். மறேக்கு 1990இல் நோபெல் பரிசு கிடைத்தது. கொடுத்த றொனால்ட் என்னவானார் என்று கேட்போர் குறைவு. அவர் ஆசிரியராகப் பணிபுரிந்து, ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஐம்பத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து, 2010ஆம் ஆண்டு டிசெம்பரில் தமது 79ஆவது வயதிற் காலமானார். தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் 1971இலும், இலங்கையில் பேராசிரியர்கள் ஷெரிஃப்தீன், ரிஸ்வி ஷெரிஃப் ஆகியோரின் முயற்சியால் 1985இலும் இச்சிகிச்சை தொடங்கிற்று. உறுப்புகளை விலைக்கு விற்பதையும் வாங்குவதையும் இலங்கையின் 1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கின்றது.

ஆதியில் இரத்த உறவினர் கொடுப்பதே ஏற்றது எனக் கருதப்பட்டது. கணவனும் மனைவியும் இரத்த உறவினர் அல்லரே, ஒருவரின் சிறுநீரகம் மற்றவர் உடலில் நிலைக்குமா என்ற ஐயம் நெடுநாள் இருந்தது. 1995இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இந்த ஐயத்தைப் போக்கிற்று. வாழ்க்கைத்துணை கொடுத்த சிறுநீரகங்களில் நூற்றுக்கு 85 மூன்று ஆண்டுகளின் பின்னும் தொழிற்பட்டன. பெற்றோர் கொடுத்தவற்றில் இத்தொகை 82. இறந்தவர்களிடமிருந்து எடுத்தவற்றில் 70. சுகதேகியின் உடலிலிருந்து நேரே எடுக்கப்படும் உறுப்பு பழுதுபடாமல் இருப்பதே இதற்குக் காரணம் என ஆய்வாளர் கருதினர்.

இனி, கொடுத்தவரின் உடலில் நிகழ்வது யாது? ஒரு சிறுநீரகம் ஏறக்குறைய 150 கிராம் நிறையுள்ளது. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றிரண்டு லீற்றரை மாத்திரம் சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. ஒன்றை எடுத்தவுடன் வடிக்கும் ஆற்றல் பாதியாகின்றது. எஞ்சிய சிறுநீரகம் அப்பொழுதே தன் வேலையைக் கூட்டத் தொடங்கும். சில வாரங்களில் அது சற்றே பருத்து, பழைய மொத்த ஆற்றலில் மூன்றில் இரண்டு பங்கு வரையோ அதற்குச் சிறிது மேலோ செய்யக்கூடியதாகிவிடும். அன்றாட வாழ்வுக்கு அது தாராளமாகப் போதும். ஆயினும் இரத்தப் பரிசோதனையில் கிரியேற்றினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு முன்னிருந்ததிலும் சிறிது கூடியே நிற்கும். அறிக்கையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அடையாளம் இடப்பட்டிருப்பதைக் கண்டு, எஞ்சியதும் கெட்டுவிட்டது என வீட்டார் கலங்குவதுண்டு. அது எதிர்பார்த்த மாற்றமே. சிகிச்சையின் பின் முதன்முதலாக வந்த அறிக்கையைப் பத்திரப்படுத்தி, அடுத்தடுத்து வருவனவற்றை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

முற்காலத்தில் விலாப்புறத்தை நீளமாக வெட்டி, சிலவேளை விலா எலும்பொன்றின் நுனியையும் அகற்றியே சிறுநீரகத்தை எடுத்தனர். 1995இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியர்கள், சிறு துளைகளினூடே கருவிகளைச் செலுத்தி, அடிவயிற்றிலுள்ள ஒரு சிறிய வெட்டின் வழியே எடுக்கும் முறையைத் தொடங்கினர். இன்று இரு முறைகளும் வழக்கில் உள்ளன. துளைமுறையில் மூன்று முதல் ஐந்து நாட்களில் வைத்தியசாலையை விட்டு வரலாம். வெட்டுமுறையில் ஒரு வாரம் செல்லக்கூடும். துளைமுறைக்கு உட்பட்டவர் வயிற்றை விட்டுத் தோளிலே நோகின்றது என்று முறையிட்டால் வியப்படைய வேண்டியதில்லை. சிகிச்சையின்போது வயிற்றினுள் நிரப்பிய காபனீரொட்சைட்டு வாயுவால் அந்நோவு வருவது. எழுந்து நடக்கச் சில நாட்களில் தணியும்.

பராமரிப்பு சத்திரசிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டும். உயிருள்ளோர் தரும் தானத்தில் ஒரு வசதி உண்டு: சிகிச்சை நாளை முன்கூட்டியே குறிக்கின்றனர். ஆகவே சோழகக் காற்றுக் கடுமையாக வீசும் மாதங்களையும், மாரிக்காலத்துக் கொந்தளிப்பையும் வைத்தியரிடம் எடுத்துச்சொல்லி, இயலுமாயின் கடல் அடங்கியிருக்கும் பருவத்தை வேண்டிக்கொள்வதில் தவறில்லை. கடல் கொந்தளித்தால் வள்ளம் ஓடாது என்பதைக் கொழும்பிலோ கண்டியிலோ உள்ள வைத்தியர் தாமாக அறிந்திருப்பார் என எதிர்பார்ப்பது நியாயமன்று.

வைத்தியசாலையை விட்டதும் நேரே தீவுக்குப் போவது நல்லதன்று. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அசையாமல் அத்தனை நேரம் அமர்ந்திருந்தால் காலின் நாளங்களில் இரத்தம் உறையக்கூடும். புகையிரதத்தில் வருபவர் மணிக்கொருமுறை எழுந்து பெட்டிக்குள் நடக்கவேண்டும். வாகனத்தில் வருவோர் வழியில் நிறுத்தி இறங்க வேண்டும். பின்னர் முதல் இரண்டு வாரங்களை யாழ்ப்பாணத்திலோ குறைந்தபட்சம் வேலணை, ஊர்காவற்றுறைப் பக்கத்திலோ உறவினர் வீட்டிற் கழிப்பது சாலச் சிறந்தது. இரத்தக்கசிவு, புண் பழுத்தல், குருதியுறைவு முதலிய கேடுகள் பெரும்பாலும் இந்த நாட்களிலேயே தலைகாட்டுகின்றன. இதற்கு இணங்காத மனைவியர் பலர். கோழிக்குத் தீன் போட ஆளில்லை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீடு பூட்டிக் கிடக்கின்றது என நூறு காரணங்கள் சொல்லப்படும். கணவன் உறுதியாக நிற்கவேண்டிய முதலாவது இடம் இதுவே.

வள்ளத்தில் ஏறும்போது நோயுற்ற ஒருவருக்குச் செய்யும் உதவி அனைத்தும் ஈந்தவருக்கும் வேண்டும். துறையிலிருந்து வள்ளத்துக்குத் தாவுதலும், கைகளை ஊன்றி உடலைத் தூக்குதலும் அடிவயிற்றுத் தசைகளைச் சுண்டி இழுக்கும் செயல்கள். இருபுறமும் ஆள் நின்று தாங்கி இறக்குவதே தகும். அலை தூக்கிப்போடும் முன்பக்கத்தைத் தவிர்த்து நடுவில் இருத்தி, தலையணையொன்றை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் செய்தால் ஆட்டத்தின் நோவு குறையும். இருமல், தும்மல், சிரிப்பு வரும்போதும் இத்தலையணையே துணை.

வீட்டில் முதலாவதாகக் கவனிக்கவேண்டியது படுக்கை. பாயில் படுத்தவர் எழும்போது வயிற்றுத் தசை முழுவதும் வேலை செய்கின்றது. அயலில் இரவல் வாங்கியாயினும் ஒரு கட்டில் போடுதல் வேண்டும். எழும்போது ஒருபுறமாகத் திரும்பி, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழப் பழக்கவேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடமாயின் நடுவில் துளையிட்ட கதிரையொன்றை வைத்துக்கொடுப்பது பேருதவி. உடையும் சிறு விடயமன்று. பாவாடை நாடாவின் முடிச்சும் சாரத்தின் செருகலும் சரியாக அடிவயிற்று வெட்டின் மேலேயே அழுத்தும். பெண்கள் தளர்ந்த வீட்டுச் சட்டையை அணிவதும், ஆண்கள் சாரத்தை மேலே ஏற்றித் தளர்வாக உடுப்பதும் நலம்.

ஆறு வாரங்களுக்கு நான்கைந்து கிலோவுக்கு மேற்பட்ட பாரம் எதையும் தூக்கலாகாது என்பது பொது விதி. வைத்தியசாலையில் இதைக் கேட்போர் நெல்மூடையையும் தண்ணீர்க் குடத்தையுமே நினைப்பர். பத்து லீற்றர் வாளி நிறையத் தண்ணீர் பத்துக் கிலோ. ஆகவே கிணற்றடி முற்றாக விலக்கு. கைக்குழந்தையைத் தூக்கவும் இடங்கொடுக்கக் கூடாது. இருந்த இடத்தில் மடியில் வைத்துக் கொடுக்கலாம். திருவலையிற் குனிந்து தேங்காய் துருவுவதும், இடியப்ப உரலை அழுத்துவதும், ஈர்க்குமாறு கொண்டு முற்றம் கூட்டுவதும் பாரம் தூக்காத வேலைகள் போலத் தோன்றினும் வயிற்றுத் தசையை வருத்துவன. வெட்டு ஆறு முன் தசை விலகினால் பின்னர் குடல் பிதுங்கும். அதற்கு இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டிவரும்.

இங்கே ஒரு தொல்லை உண்டு. யாழ்ப்பாணத்து ஆடவர் பலர் அடுப்படிக்கு விருந்தாளிகள். மூன்றாம் நாள் உப்பில்லாத சோறும் தீய்ந்த சொதியும் உண்ட மனைவி, “முத்தம் குப்பையாக் கிடக்கு, கூட்டிப்போட்டு வாறன்” என்று எழுந்துவிடுவாள். “நீர் இரும், நான் பாக்கிறன்” என்று சொன்னால் மட்டும் போதாது; சொன்னவர் உண்மையாகவே முற்றத்தைக் கூட்டவேண்டும். வேலை கண்முன்னே கிடக்கும்வரை அவளுக்கு ஓய்வு வாய்க்காது.

ஓய்வு என்பது படுத்தே கிடப்பதன்று. முதல் நாளிலிருந்தே நடக்கவேண்டும்; வீட்டைச் சுற்றி, பின் ஒழுங்கை வரை, பின் ஐயனார் கோவில் வரை எனத் தூரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மணலிற் கால் புதையும் பாதையை விட்டு இறுகிய தரையில் நடப்பது நன்று. துளைமுறையாயின் நான்கு முதல் ஆறு வாரங்களிலும், வெட்டுமுறையாயின் ஆறு முதல் எட்டு வாரங்களிலும் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம். வலையிழுப்போரும் வள்ளம் தள்ளுவோரும் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் சுமப்போரும் இதற்கு மேலும் பொறுக்கவேண்டும். அத்தனை நாள் வருமானம் இல்லாதிருக்கும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே கணக்கிட்டுக்கொள்ளாத குடும்பத்தில், ஈந்தவர் நாலாம் வாரமே கடலுக்குப் போய்விடுவார்.

உணவு விடயத்தில் உறவுப் பெண்களின் ஆலோசனைகள் ஏராளமாக வந்து சேரும். இறால் கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, தண்ணீர் கூடக் குடித்தாற் புண் ஆறாது எனப் பலவாறு சொல்லப்படும். ஈந்தவருக்கு விலக்கப்பட்ட உணவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. புண் ஆறுவதற்கு மீனும் முட்டையும் பருப்பும் வேண்டும். தண்ணீரைக் குறைப்பது நேர்மாறான தீங்கு: எஞ்சிய ஒரே சிறுநீரகத்துக்குத் தண்ணீர் தாராளமாக வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு முதல் மூன்று லீற்றர் வரை, நல்ல தண்ணீர்க் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுக்கலாம். கருவாட்டையும் உப்பு ஊறுகாயையும் குறைக்கவேண்டுவது குருதி அமுக்கத்தை எண்ணியே. நோவுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் மலத்தை இறுக்கும்; முக்கினால் வெட்டு நோகும். முருங்கையிலை வறையும் வாழைப்பழமும் நடையும் பெரும்பாலும் இதைச் சரிசெய்துவிடும்.

மருந்து பற்றிய ஒரு செய்தியைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும். உடல்நோவுக்குப் பனடோல் எனப்படும் பரசிற்றமோலை அளவறிந்து கொடுக்கலாம். ஐபுபுரோபென், டைக்குளோபெனக் முதலிய மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைப்பவை. ஈந்தவர் அவற்றை ஆயுள் முழுவதும் தவிர்ப்பது நல்லது. பல்வலிக்கோ முதுகுவலிக்கோ கடையிலே மாத்திரை வாங்கும்போது ஒரு சிறுநீரகமே உண்டு என்று சொல்லத் தவறக் கூடாது. நாட்டுமருந்திலும் எச்சரிக்கை வேண்டும். ஈசுரமூலி, ஆடுதின்னாப்பாளை ஆகிய மூலிகைகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாக அழிக்கும் என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. சுருட்டையும் விடவேண்டும்; புகையிலை விளையும் தீவில் இதைச் சொல்வது எளிதன்று.

எப்பொழுது கடல் கடக்கவேண்டும் என்பதைப் பராமரிப்பவர் திட்டமாக அறிந்திருத்தல் வேண்டும். காய்ச்சல் 38 பாகை செல்சியசை எட்டினாலும், வெட்டின் ஓரம் சிவந்து சீழ் வடிந்தாலும், நோவு நாளுக்கு நாள் குறையாமற் கூடினாலும், வாந்தி நிற்காதிருந்தாலும், சிறுநீர் மிகக் குறைந்தாலும் அன்றைய வள்ளத்திலேயே புறப்படவேண்டும். ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி நோவதும், திடீரென மூச்சு வாங்குவதும், நெஞ்சு நோவதும், மயக்கத்தோடு உடல் வெளிறி வியர்ப்பதும் அடுத்த வள்ளத்துக்கும் காத்திராத அபாயங்கள். தீவிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கு உடனே அறிவித்தால் அங்கிருந்து படகுக்கு ஏற்பாடு செய்யலாம். இரவிலும் கொந்தளிப்பிலும் கடற்படைப் படகுகள் தீவு நோயாளரைக் கரைசேர்த்த சந்தர்ப்பங்கள் பல. 2018ஆம் ஆண்டு வடமாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்ட 1990 இலக்க அம்புலன்ஸ் சேவையைப் படகு புறப்படும்போதே அழைத்துவிட்டால், வண்டி துறையில் வந்து நிற்கும். பொழுதுபட்ட பின் விடியட்டும் என்று பொறுத்திருப்பதே தீவு மக்களின் இயல்பு. சாதாரணக் காய்ச்சலுக்கு அப்பொறுமை நன்று. இந்த வீட்டில் அதற்கு இடமில்லை.

இத்தனை எச்சரிக்கையும் அச்சமூட்டுவதற்கல்ல. அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை சிறுநீரகம் ஈந்த எண்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, மூன்று மாதத்துக்குள் இறந்தோர் பதினாயிரத்துக்கு மூவர். அண்மைக் காலத்தில் அது ஒருவருக்கும் குறைந்துவிட்டது. நெடுங்காலத்திலோ, ஈந்தோருள் பதினாயிரத்துக்குத் தொண்ணூறு பேரின் சிறுநீரகம் ஆயுளில் எப்போதாவது செயலிழக்கலாம் எனவும், அவர்களை ஒத்த சுகதேகிகள் கொடாதிருந்தால் அத்தொகை பதினான்கு எனவும் 2014இல் மதிப்பிட்டனர். சிறிய அபாயம், ஆயினும் இல்லாத அபாயமன்று.

உடல் ஆறிவரும் வேளையில் மனம் சோர்வது பலருக்கு நேர்கின்றது. வள்ளத்தில் வந்திறங்கும் உறவினர் பெற்றவரின் நலத்தை ஒரு மணி நேரம் விசாரித்துவிட்டு, ஈந்தவளைப் பார்த்து, “நீர் நல்லாத்தானே இருக்கிறீர்” என்று முடித்துவிடுவர். வேறு சிலர், ஓர் உறுப்பு இல்லாமற் போயிற்றே என்று அவள் காதுபடவே இரங்குவர். இரண்டும் புண்படுத்துவன. உறக்கமின்மை, காரணமில்லாத அழுகை, பேச்சுக் குறைதல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் சொல்லவேண்டும். பொருத்திய சிறுநீரகத்தைப் பெற்றவர் உடல் ஏற்காது போனால், தான் கொடுத்தது சரியில்லையோ என ஈந்தவர் தன்னையே குற்றஞ்சாட்டுவார். அந்தச் செய்தியை அயலார் வாயிலாக அறியவிடாமல் கணவனே அருகிருந்து சொல்வது கடமை. மனைவி தன் தம்பிக்குக் கொடுத்ததில் கணவனுக்கு உள்ளூர மனக்குறை இருப்பதும் உலகில் உள்ளதே. அக்குறையைச் சிகிச்சைக்கு முன்னர் வாய்விட்டுப் பேசியிருக்கவேண்டும். கட்டிலருகே நின்று, “நான் அண்டைக்கே சொன்னனான்” என்று கூறுபவர் பராமரிப்பவர் ஆகார்.

கொடுத்தவரும் பெற்றவரும் கணவனும் மனைவியுமேயாயின் நிலைமை வேறு. ஒரே கூரையின் கீழ் இருவர்; இருவரும் வாளி தூக்கலாகாது. மருந்தை மணி தவறாது விழுங்கவேண்டியவரும், தொற்றுக்கு அஞ்சி விருந்தினரை விலக்கவேண்டியவரும் பெற்றவர். மருந்து எடுத்து வைக்கவும், வெந்நீர் ஆற்றவும் பழக்கத்தின் வசத்தால் எழுந்துவிடுபவர் ஈந்த மனைவியாகவே இருப்பார். இந்தியாவில் உயிருடன் உறுப்புத் தானம் செய்வோருள் பெரும்பாலோர் பெண்கள் என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். தாயோ சகோதரியோ அயல் வீட்டு அக்காவோ, மூன்றாமவர் ஒருவர் குறைந்தது ஆறு வாரம் வந்திருக்க ஒழுங்கு செய்யாமல் இத்தகைய தம்பதியர் தீவுக்குத் திரும்புதல் கூடாது.

பிள்ளைப்பேறு வேண்டும் இளம் தம்பதியர் சிகிச்சையின் பின் குறைந்தது ஆறு மாதமும், பெரும்பாலும் ஒரு வருடமும் பொறுப்பர். ஈந்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்திற் குருதி அமுக்கம் கூடும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்திலிருந்து பதினொன்றாக உயர்வதை 2015இல் கனடாவில் கண்டனர். ஆதலால் ஒரு சிறுநீரகம் உண்டென்பதைத் தாய்சேய் கிளினிக்கில் முதல் நாளே சொல்லவேண்டும். பிரசவ காலம் நெருங்குமுன் தீவை விட்டு யாழ்ப்பாணப் பக்கம் வந்திருக்கவும் வேண்டும்.

ஆறாம் மாதமும் ஓராண்டு நிறைவிலும், அதன்பின் ஆண்டுதோறும், குருதி அமுக்கமும் இரத்தக் கிரியேற்றினினும் சிறுநீரில் புரதமும் பார்க்கப்பட வேண்டும். பெற்றவர் மாதந்தோறும் கிளினிக்குக்குப் போவார். மறந்தால் மருந்து தீர்ந்து நினைவூட்டும். ஈந்தவருக்கு மருந்தும் இல்லை, நோவும் இல்லை. மூன்றாம் ஆண்டிலேயே பலர் இதை மறந்துவிடுகின்றனர். பரிசோதனைக்குரிய மாதத்தை வீட்டு நாட்காட்டியில் கணவன் குறித்துவைக்கலாம். காலை முதல் வள்ளத்தில் இருவரும் புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் இரத்தம் கொடுத்து, மாலை வள்ளத்தில் திரும்பலாம்; அறிக்கை எடுக்க இன்னொரு நாள் போகவேண்டி வரும்.